யாருக்குக் காய்ச்சல்?

எங்கள் ஊர் ரொட்டியை
மணியடிக்காத பூசை என்பாள் தொனாத்தா.
அவள் அல்தமூரா பக்கத்துக்காரி.
பிராத்தோவுக்கு வாழ வந்த முதல் நாள்
என் அண்ணி வைத்த துண்டைக் கடித்துவிட்டு
சுற்றிலும் பார்த்துக் கேட்டாள்:
"யாருக்குக் காய்ச்சல்?"

அன்றிலிருந்து முப்பத்தொரு வருஷம்
ஒரு மேசை, இரண்டு ரொட்டி.
அவள் பிசைந்து சுடுகிற மஞ்சள் ரொட்டி, உப்போடு.
கீழ்த்தளத்து பேக்கரியில் நான் வாங்கும் போட்ஸா,
பிறந்ததிலிருந்து உப்பையே பார்க்காதது.
இரண்டு துணிப்பை. இரண்டு கத்தி.
சண்டை எதில் தொடங்கினாலும்
போய் நிற்கிற இடம் அதுதான்.

மே மாதம் டாக்டர் நெஸ்தி
ஒரே ஒரு வார்த்தை எழுதி
அதன் கீழே இரண்டு கோடு போட்டார்.
எனக்கில்லை, அவளுக்கு.
பஸ்ஸில் பேச்சே இல்லை.
பிசென்ஸியோ பாலம் தாண்டும்போது மட்டும்
"சிரிக்காதே" என்றாள்.
நான் சிரிக்கவில்லை.
கொஞ்சம் சிரித்திருக்கலாம்.

அதற்கப்புறம் மாவு டப்பாவை அவள் திறக்கவில்லை.
என் ரொட்டியையும் தொடவில்லை.
பிஸ்கட் தின்றாள், அரிசி வேகவைத்தாள்,
ஜூலை முழுக்க வீம்பைத் தின்றாள்.
ஆகஸ்டில் பேக்கரிக்காரன் ஷட்டரை இறக்கி
கடலுக்குப் போகிறேன் என்று
அட்டை எழுதி மாட்டிவிட்டான்.

ஆக, நான்.

தறி பழுது பார்த்த கை இது.
அறுந்த இழையை இருட்டிலும் பிடிக்கும்.
மாவைப் பிடிக்கத் தெரியாது.
முதல் நாள் ராத்திரியே கொஞ்சம் கரைத்து
மூடி வைக்க வேண்டும் என்பது
அவள் முதுகைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்தது.
எவ்வளவு என்பது முதுகில் எழுதியில்லை.
கேட்கவும் மாட்டேன்.

முதல் ரொட்டி
பால்கனிக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க
இன்றைக்கும் உதவுகிறது.

இரண்டாவதற்கு
அரைக் கிலோ மாவு, முந்நூறு மில்லி தண்ணீர்,
சுண்டுவிரல் நகமளவு ஈஸ்ட்.
பலகையில் அறைந்துகொண்டிருக்கிறேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.
"தண்ணி பத்தாது."
சத்தத்தை வைத்தே சொல்கிறாள்.
ஊற்றினேன். அறைந்தேன்.
"இன்னும்."
ஊற்றினேன்.
"அவ்வளவுதான். அதைக் கொல்லாதே."

ஒரு துண்டைக் கிள்ளி இழுத்து
ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன்.
கிழியவில்லை.
எதிர் மாடியில் காயும் சட்டை
அதன் வழியே மங்கலாகத் தெரிந்தது.
இந்த ஒன்று எனக்குத் தெரியும்.
நல்ல நெசவு.

உப்பில்லாத மாவுக்குக் கடிவாளம் கிடையாது.
அதிலும் ஆகஸ்ட் வெயில்.
கண்ணயர்ந்து எழுவதற்குள்
கிண்ணம் தாண்டி, துணியைத் தூக்கிக்கொண்டு
எட்டிப் பார்க்கிறது.
எங்கள் அடுப்பு இருநூற்றிருபது என்று காட்டினால்
உள்ளே இருப்பது இருநூறு.
அடித்தட்டில் ஒரு கிண்ணம் வெந்நீர்.
கண்ணாடி வியர்த்தது. நானும்.

நாற்பது நிமிஷம் கழித்து எடுத்து
கவிழ்த்து, அடியில் தட்டினேன்.
அவள் எப்போது வந்தாள் தெரியாது.
குனிந்து காதை வைத்தாள்,
கன்னம் சுடுமே என்ற பயமில்லாமல்.
"இன்னும் ஐந்து."

ஆறட்டும் என்றேன். ஆறவிடவில்லை.
என் கத்தியால் அறுத்தாள், என் கத்தியால்,
தக்காளியைத் தேய்த்து, எண்ணெய் விட்டு,
நின்றபடியே கடித்தாள்.
நெடுநேரம் மென்றாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
உப்பிடாதவனை?

"யாருக்குக் காய்ச்சல்?" என்றாள், வாய் நிறைய.
பதில் சொல்லவில்லை.
இன்னொரு துண்டு அறுத்துக்கொண்டிருந்தாள்,
என் அளவுக்குத் தடிமனாக.
மாவு ஒட்டிய பலகையை நான் சுரண்டினேன்.
"நகத்தை வெட்டு" என்றாள்,
"உள்ளே பார், பாதி மாவு அங்கேதான் இருக்கிறது."